திடீரென விரியும் குழாய்: ஓப்பன்ஃபோமில் செய்து பார்த்தது

25 மி.மீ. விட்டமுள்ள குழாய் சட்டென்று 50 மி.மீ. குழாயாக விரியும் இடத்தில் நீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளில் கணக்கிட்டுப் பார்ப்பதை ஓய்வுநேர வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். விட்டம் சாய்வாக மாறும் இணைப்பான ரெடியூசரை விட்டுவிட்டுச் செங்குத்துப் படியாக விரியும் குழாயைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் அழுத்த இழப்பைத் தாளிலேயே கணக்கிட்டுவிட முடியும் என்பதுதான். சிறிய குழாயில் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்று கொண்டால், பரப்பு நான்கு மடங்காவதால் பெரிய குழாயில் அது 0.5 மீட்டராகக் குறைகிறது. ஓட்டத்தின் வேகத்தையும் குழாயின் அளவையும் நீரின் பாகுநிலையோடு ஒப்பிடும் ரெனால்ட்ஸ் எண் சிறிய குழாயில் 50,000. ஓட்டம் சீர்குலையத் தொடங்கும் 2,300 என்ற எல்லையை இது வெகுவாகத் தாண்டிவிட்டதால், கொந்தளிப்பு ஓட்டம்தான் என்பதில் ஐயமில்லை.

பெர்னூலி சமன்பாட்டை மட்டும் நம்பினால், வேகம் குறைந்ததற்கு ஈடாக அழுத்தம் 1,875 பாஸ்கல் உயர வேண்டும். திடீர் விரிவின் இழப்பைத் தரும் போர்டா–கார்னோ வாய்பாடு அதில் 1,125 பாஸ்கலைக் கழித்துவிடுகிறது; இரு வேகங்களின் வேறுபாடான 1.5இன் வர்க்கத்தை நீரின் அடர்த்தியால் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைப்பது அது. ஆக, மீள்வது 750 பாஸ்கல் மட்டுமே. மீதி சுழல்களில் தேய்ந்து வெப்பமாகிறது.

குழாய் அச்சைச் சுற்றிச் சமச்சீரானது என்பதால், முழு உருளையையும் வரையாமல் 5 பாகைத் துண்டு ஒன்றை மட்டும், குறுக்கே ஒரே செல் (கணக்கீட்டுக்காக ஓட்ட வெளியைப் பிரிக்கும் சிறு கட்டம்) இருக்கும்படி அமைத்தேன். படிக்கு முன்னால் ஓட்டம் முழுமையாக வளர, விட்டத்தைப்போல ஏறத்தாழ 27 மடங்கு, அதாவது 67 செ.மீ. நீளம் விட வேண்டியிருந்தது.

அதிக நேரத்தை விழுங்கியது சுவரை ஒட்டிய முதல் செல்தான். சுவரருகே ஓட்டத்தை நுணுக்கமாகத் தீர்க்காமல் ஆயத்த வாய்பாட்டால் நிரப்பும் சுவர்ச் சார்புகளைப் பயன்படுத்தும்போது அந்தச் செல்லின் மையம் ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தொலைவை உராய்வு வேகத்தாலும் பாகுநிலையாலும் அலகற்றதாக்கிய அளவு) 30க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிளாசியஸ் உராய்வு வாய்பாட்டின்படி சிறிய குழாயில், சுவர் உராய்வை வேக அலகில் சொல்லும் உராய்வு வேகம் நொடிக்கு 0.103 மீட்டர் வருகிறது. எனவே செல்லின் மையம் சுவரிலிருந்து 0.3 மி.மீ., அதன் பருமன் 0.6 மி.மீ. ஆரமே 12.5 மி.மீ.தான் என்பதால், அதே பருமனில் அடுக்கினால் இருபது செல்களுக்கு மேல் அங்கே இடமில்லை. படியைத் தாண்டியதும் இந்தக் கணக்கும் குலைகிறது. பிரிந்த ஓட்டம் மீண்டும் சுவரைத் தொடும் புள்ளியில் சுவர் உராய்வு சுழியமாவதால் ஒய்-பிளஸும் சுழியத்தை நெருங்குகிறது. செல்லை எந்த அளவில் வைத்தாலும் அவ்விடத்தில் சுவர்ச் சார்பின் அடிப்படையே பொருந்தாது. ஆகவே கொந்தளிப்பைத் தோராயமாகக் கணிக்கும் மாதிரிகளில் இரண்டை எடுத்து, கே-எப்சிலான் மாதிரியைச் சுவர்ச் சார்புடனும், மென்டர் 1994இல் வெளியிட்ட கே-ஒமேகா எஸ்எஸ்டி மாதிரியை முதல் செல்லின் மையம் 0.01 மி.மீ.க்கு இறங்கிய வேறொரு மெஷ்ஷிலும் (செல்களின் வலையிலும்) ஓட்டினேன்.

ஓப்பன்ஃபோமில் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலான சிம்பிள்ஃபோம் தரும் அழுத்தம் அடர்த்தியால் வகுக்கப்பட்டது என்பதால், முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் 750 என்ற எண்ணைத் தேடக் கூடாது, 0.75ஐத் தேட வேண்டும். சுவர் உராய்வைக் கழித்துப் பார்த்தபோது இரண்டு மாதிரிகளும் அந்த எண்ணை ஒட்டியே நின்றன. இதைக் கண்டு மகிழ்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பது என் கருத்து. போர்டா–கார்னோ விடை, நிறையும் உந்தமும் அழியாமை, படியின் முகத்தில் அழுத்தம் சிறிய குழாயின் முடிவில் உள்ளதற்குச் சமம் என்ற ஊகம் ஆகியவற்றிலிருந்தே பிறக்கிறது. கொந்தளிப்பைப் பற்றி அது எதையும் கேட்பதில்லை. எனவே நிறையையும் உந்தத்தையும் ஒழுங்காகக் காக்கும் எந்த மாதிரியும், உள்ளே சுழல்களைத் தவறாகக் கணித்தாலும், இந்தத் தேர்வில் தேறிவிடும்.

மாதிரியைச் சோதிக்கும் அளவு, ஓட்டம் சுவரை மீண்டும் தொடும் தொலைவுதான். சுவர் இழுவிசையின் குறி மாறும் இடத்தைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம். படியின் மூலையில் எதிர்த்திசையில் சுழலும் சிறு சுழல் ஒன்றும் குறியை மாற்றும் என்பதால், தொலைவில் உள்ள மாற்றத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். கே-எப்சிலான் தந்த தொலைவு எஸ்எஸ்டி தந்ததைவிடத் தெளிவாகக் குறைவு. தட்டையான வாய்க்காலில் படி வைத்து டிரைவரும் சீக்மில்லரும் 1985இல் வெளியிட்ட அளவீட்டில் அத்தொலைவு படியின் உயரத்தைப்போல 6.26 மடங்கு, வழக்கமான கே-எப்சிலான் அதைக் குறைத்தே கணிக்கும் என்பது நெடுநாளாக அறியப்பட்டது. படியின் விளிம்பிலிருந்து கிளம்பும் மெல்லிய அடுக்கில் சுழல் பாகுநிலையை, அதாவது சுழல்கள் ஓட்டத்தைக் கலக்கும் வலிமையை, அது மிகைப்படுத்துவதால், அடுக்கு விரைவாகத் தடித்துச் சுவரைச் சீக்கிரமே எட்டிவிடுகிறது.

ஓட்டத்தைத் திருப்பி, பெரிய குழாயிலிருந்து சிறியதற்குச் செலுத்தியும் பார்த்தேன். நுழைந்ததும் ஓடை குறுகிப் பின் விரிகிறது. இழப்பின் பெரும்பகுதி அந்த விரிவில்தான் நேர்கிறது. குறுகும் அளவை முன்கூட்டிச் சொல்ல எளிய வாய்பாடு இல்லாததால் கையேட்டு எண்களோடுதான் ஒப்பிட முடிந்தது.

அடுத்தது கூம்பு. முழுக்கோணம் 7 பாகை என்றால் 25இலிருந்து 50 மி.மீ.க்கு விரிய 204 மி.மீ. நீளம் வேண்டும், 20 பாகைக்கு 71 மி.மீ. போதும். கூர்மையான படியில் ஓட்டம் எங்கே பிரிய வேண்டும் என்பதை விளிம்பே முடிவுசெய்துவிடுகிறது. வழுவழுப்பான கூம்பில் அந்த முடிவை மாதிரியே எடுக்க வேண்டும். ஓட்டத்தின் திசையில் அழுத்தம் உயரும் எதிர் அழுத்தச் சரிவில் ஓட்டம் சுவரிலிருந்து பிரிவதைத் தாமதமாகக் காட்டுவது கே-எப்சிலானின் பழக்கம் என்பதால், 20 பாகைக் கூம்பின் மெஷ்ஷை முதலில் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.