கச்சான் காலத்தில் வெருகல் தீர்த்தம்

திருகோணமலையிலிருந்து வெருகல் முருகனிடம் போகிறவர்கள், கோயிலைக் காணும் முன்பே மகாவலி ஆற்றை ஒருமுறை கடந்துவிடுகிறார்கள். மூதூருக்கு இப்பால் வரும் கங்கைப் பாலம்தான் அது. எங்கள் பக்கத்தில் மகாவலி வெறும் 'கங்கை'தான். பாலங்கள் வருமுன் கிண்ணியாவிலும் வெருகலிலும் 'பாதை' எனும் மிதவைக்காகக் காத்துக் கிடந்த கதையைப் பெரியவர்கள் இன்றும் அலுக்காமல் சொல்கிறார்கள். இப்போது பஸ் எங்கும் நிற்காமல் ஓடுகிறது.

ஆவணித் திருவிழாக் காலம். கச்சான் காற்று முகத்தைச் சுட்டது. மானாவாரி வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஆனால் சித்திரவேலாயுதர் கோயிலை ஒட்டி ஓடும் வெருகல் ஆற்றில் தண்ணீர் இருந்தது. மகாவலியிலிருந்து பிரிந்து தனியாகக் கடலுக்குப் போகும் கிளை இது. மாதக்கணக்கில் மழை காணாத ஊரில் சுவாமி தீர்த்தமாட நீர் எங்கிருந்து வந்தது?

நம்மைச் சுடும் அந்தக் கச்சான்தான் கொண்டுவந்தது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று அட்டன் பக்கத்து மலைகளில் ஏறும்போது மழையைக் கொட்டிவிடுகிறது; மலை தாண்டி எங்களிடம் இறங்கும்போது வெறும் அனல்தான் மிச்சம். தேயிலைத் தோட்டங்களில் பெய்த அந்த மழை மகாவலியாகிக் கண்டியைச் சுற்றிக்கொண்டு வடகிழக்கே திரும்புகிறது. இலங்கையின் மிக நீளமான ஆறு இது. மலையிலிருந்து மூதூர்க் கடலான கொட்டியாரக்குடா வரை 335 கிலோமீற்றர்.

இடையில் மனிதர் கையும் உண்டு. 1976 முதல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் ஒரு பங்கு நீர் சுரங்கம் வழியே வடக்கு வயல்களுக்குத் திரும்புகிறது. அதற்குக் கீழே 122 மீற்றர் உயர விக்டோரியா அணை நிற்கிறது. மின்சாரமும் நெல்லும் தந்த பிறகு வருவதுதான் கடைமடையில் இருக்கும் எங்கள் பங்கு. அதில் எனக்குக் குறையில்லை என்று சொன்னால் அது பொய்.

சுவாமி கரைக்கு இறங்கியதும் அந்தக் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. "அரோகரா" என்ற குரலோடு கூட்டம் முழுவதும் ஆற்றில் முழுகியது. தண்ணீர் கலங்கலாக இருந்தது, குளிர்ச்சியாகவும் இருந்தது. கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களும் வழியில் இக்கரையில்தான் தங்கிப் போவார்கள்.

மார்கழியில் மட்டும் வராதீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் மழை இங்கேயே கொட்டும், மேலிருந்தும் வெள்ளம் இறங்கும். அப்போது ஊரே மேட்டு நிலம் தேடிப் போகும். முருகனைப் பார்க்க வந்தவர் வழியில் மாட்டிக்கொள்வார்.