பாட்டில் புனலில் இலைச்சருகு: கால் எண்ணிப் பிரித்த கணுக்காலிகள்

கணுக்காலிகளின் பெரிய வகுப்புகளை ஒரே நாளில், ஒரே தட்டில் பார்க்க வேண்டுமென்றால் மரத்தடிச் சருகை விடச் சிறந்த இடம் இல்லை. சருகைக் கையால் கிளறினால் எறும்பும் மரவட்டையும்தான் கண்ணில் படும். மீதி முக்கால்வாசி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உருவங்கள். அவற்றைத் தாமாகவே கீழே இறங்க வைப்பதுதான் பெர்லேசே புனல். இத்தாலியரான அந்தோனியோ பெர்லேசே 1905இல் வெந்நீர் உறை கொண்ட புனலாக இதை அமைத்தார். சுவீடனின் ஆல்பர்ட் டல்கிரென் 1918இல் வெந்நீருக்குப் பதில் மின்விளக்கை வைத்தார். மேலே சூடும் வெளிச்சமும் ஏற ஏற, ஈரத்தைத் தேடும் உயிர்கள் கீழே நகர்ந்து குப்பியில் விழும்.

தேவையானவை: 2 லிட்டர் குளிர்பான பாட்டில், 2 முதல் 3 மி.மீ. கண் உள்ள கம்பி வலை, 25 வாட் குண்டு பல்பு, 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வாயகன்ற சிறு குப்பி. எல்.இ.டி. பல்பு வேண்டாம். அதில் வெளிச்சம் உண்டு, சூடு போதாது. பாட்டிலின் மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுவே புனல். கழுத்துக்குச் சற்று மேலே வலையைப் பொருத்த வேண்டும். கொசுவலை போட்டால் மரவட்டையும் வண்டும் மேலேயே காய்ந்து சாகும். கண் பெரிதாக இருந்தால் குப்பி முழுக்க மண்தான் சேரும்.

மழை பெய்து இரண்டொரு நாள் ஆன சருகுதான் நல்லது. 30 செ.மீ. சதுரம் அளந்து, மட்கிய அடியிலைகளையும் மேல்மண் ஒரு சென்டிமீட்டரையும் சேர்த்துத் துணிப்பையில் அள்ள வேண்டும். காய்ந்த மேலிலைகளில் ஒன்றும் இருக்காது. பூரான் இருக்கக்கூடும், அதனால் கரண்டியால்தான் அள்ள வேண்டும். புனலில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் நிரப்பினால் நடுப்பகுதி காய்வதற்குள் உள்ளேயே பாதி செத்துவிடும். நிரப்பும்போது கீழே வெறும் காகிதத்தை வைத்து, உதிரும் மண்ணைத் தட்டிவிட்டுத்தான் ஆல்கஹால் குப்பியை வைக்க வேண்டும்.

பல்பு முதல் நாள் சருகிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கட்டும், பிறகு 10 செ.மீ. வரை இறக்கலாம். தொடக்கத்திலேயே பக்கத்தில் வைத்தால் மெதுவாக நகரும் மைட்டுகள் (உண்ணி போன்ற, சிலந்தி இனத்துச் சிற்றுயிர்கள்) இறங்குவதற்குள் மடியும். இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த, செவுளால் மூச்சு விடும் ஐசோபாடுகளுக்கும் அதே கதி. புனலின் உட்சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்தால் சிறு பூச்சிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மேலே மூடாமல் ஆவி போக விட்டால் அது குறையும். வெளிச்சத்துக்கு வரும் அந்துகள் உள்ளே விழாமலிருக்க மெல்லிய துணியைப் புனலின் வாயில் கட்டலாம், பல்பைத் தொடாதபடி. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். குப்பி பல்பிலிருந்து விலகி, புனலின் நிழலிலேயே இருக்க வேண்டும்; கவிழாதபடி நிலையாக நிற்கவும் வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் சருகு மொறுமொறுப்பாகக் காய்ந்துவிடும்.

முதலில் விழுபவை எறும்பும் சிறு சிலந்தியும். கடைசியில் வருபவை ஓரிபாட்டிட் மைட்டுகள்: பளபளப்பான பழுப்பு மணி போல, கால் மடங்கியிருந்தால் விதை என்றே தோன்றும்.

பிரிக்க வெள்ளைத் தட்டு, மெல்லிய தூரிகை, 10 மடங்கு லென்ஸ் போதும். கால்களை எண்ணுவதில் தொடங்கலாம். மூன்று ஜோடி என்றால் அறுகாலிகள், நான்கு ஜோடியும் உணர்கொம்பு இல்லாமையும் சிலந்தி இனம், ஏழு ஜோடி ஐசோபாட். உடல் கண்டத்துக்கு (துண்டுக்கு) ஒரு ஜோடி என்றால் பூரான், பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை.

இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் தவறு நேரும். மைட்டின் இளம்புழுவுக்கு மூன்று ஜோடிக் கால்தான். முட்டையிலிருந்து வந்த மரவட்டைக் குஞ்சுக்கும் பெரும்பாலும் மூன்று ஜோடியே. ஐசோபாட் குஞ்சுக்கு ஆறு. எனவே உணர்கொம்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆறு கால் இருந்து உணர்கொம்பு இல்லாமல், உடலும் ஒரே திரளாக இருந்தால் அது மைட் குஞ்சு. போலித்தேளையும் பலர் தவறாக எண்ணுகிறார்கள். முன்னால் நீளும் இடுக்கிகள் கால்கள் அல்ல. அவற்றை விட்டு எண்ணினால் நான்கு ஜோடி சரியாக வரும், வாலோ கொடுக்கோ இருக்காது.

அதிகமாகக் குவிவதில் ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளும் சிற்றுயிரும் ஒன்று. லென்ஸில் மல்லாத்திப் பார்த்தால் வயிற்றடியில் கவட்டை வடிவத் துள்ளுறுப்பு தெரியும். உயிரோடு இருக்கும்போது அது முன்னோக்கி மடிந்து கொக்கியில் மாட்டியிருக்கும், ஆல்கஹாலில் பெரும்பாலும் அவிழ்ந்து நிற்கும். ஆறு கால் இருந்தும் இதைப் பூச்சி வகுப்பில் சேர்ப்பதில்லை. வாயுறுப்புகள் தலைக்குள் ஒளிந்திருக்கின்றன, வயிற்றில் ஆறே கண்டங்கள். இதன் மேல்தோல் நீரை விலக்குவதால் ஆல்கஹாலின் மேலேயே மிதக்கும், ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு நீர் விட்டால் மூழ்கும்.

உள்ளே ஒன்றுமில்லாத கண்ணாடி போன்ற உருவங்களும் கிடைக்கும். அவை உரித்துப்போட்ட தோல்கள். கைட்டின் என்னும் உறுதியான பொருள் கலந்த புறச்சட்டகம் உடலோடு வளராது, அதனால் கழற்றியாக வேண்டும். பூச்சித் தோலில் முதுகில் நீளக் கீறல் இருக்கும். சிலந்தித் தோலில் தலைமார்பின் மேலோடு மூடி போலத் திறந்திருக்கும். கால் நுனி நகம் வரை அப்படியே பதிந்திருப்பதால், கணுக்களை எண்ணிப் பழக முழு உயிரியை விட இதுவே தெளிவு. இவற்றை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இடம், தேதி, மரத்தின் பெயர் மூன்றும் அவசியம். ஆல்கஹால் ஆவியாகிப் போனாலும் உடல் காய்ந்து நொறுங்காமலிருக்க இரண்டு சொட்டு கிளிசரின் சேர்க்கலாம். ஈரச் சருகிலிருந்து வந்தவை நீரை விடுவதால் ஆல்கஹால் நீர்த்துப்போகும். பிரித்து முடித்ததும் புதிதாக மாற்றினால் மென்மையான புழுக்கள் அழுகாமல் இருக்கும்.