ஒரு பூஜ்ஜியம், 22 நாள்: என் மெடிக்கல் புதுப்பித்த கதை

விமானியான நான் கிளாஸ் 1 மெடிக்கலை, அதாவது விமானிகளுக்கான மருத்துவத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கப் போய், 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்' என்ற முடிவை வாங்கிக்கொண்டு 22 நாள் வீட்டில் இருந்த பிறகு, நேற்று மாலைதான் தகுதிச் சான்று வந்து சேர்ந்தது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு ஒரு பூஜ்ஜியத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரமும், கண்டுபிடித்ததை நிரூபிக்க இரண்டு வாரமும் ஆயின.

ரத்தம், சிறுநீர், ஈசிஜி, காது எல்லாம் பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டன. எனக்குக் கிட்டப்பார்வை உண்டு. உரிமத்திலேயே கண்ணாடி அணிந்துதான் பறக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே குறைந்தது 6/9 காட்ட வேண்டும் என்பது விதி (6/6 என்பது இயல்பான பார்வை; கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). வலது கண்ணில் 6/6. இடது கண்ணில் கடைசி வரியில் ஒரேயொரு எழுத்தைத் தவறவிட்டேன். இப்படிப் பாதி படித்ததைக் குறிக்க, கண் பரிசோதகர்கள் 6/6 என்று எழுதி அதை ஒட்டி ஆங்கில 'பி' எழுத்தைப் போடுவது வழக்கம். எங்கள் பரிசோதகரும் ஒரு துண்டுச் சீட்டில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். ஆனால் பேனா மை சரியாக இறங்காததால் 'பி'க்குக் கால் விழவில்லை; வட்டம் மட்டும் நின்றது. தட்டச்சு செய்தவர் அதை 6/60 என்று பதிந்துவிட்டார். பார்வை அட்டையின் உச்சியில் இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்தை மட்டும் படிப்பவனுடைய அளவு அது.

அந்தப் படிவத்தின் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு, பிற்பகல் ஒன்றரை மணி, எதிர்க்கடையிலிருந்து வந்துகொண்டிருந்த பொங்கல் வாசனை; நான்கு பக்கத்தையும் புரட்டாமலே கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. வந்த நிமிடமே, யாருக்கு எப்போது பணி என்று அட்டவணை போடும் ரோஸ்டர் பிரிவுக்குச் சொல்லிவிட்டேன். "எழுத்துப் பிழைதானே, நாளைக்கு ஒரு செக்டார், ஒரேயொரு பயணம், போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது. முடிவு தவறாகவே இருந்தாலும், அது மாற்றப்படும் வரை காக்பிட்டில் உட்கார எனக்கு உரிமையில்லை. மீறினால் பூஜ்ஜியக் கதையை யாரும் கேட்கமாட்டார்கள், உரிமம்தான் போகும். பறந்த மணிக்கணக்குக்குத்தான் படி என்பதால் அந்த மாத வருமானம் மெலிந்தது. 90 நாளுக்குள் மூன்று முறை விமானத்தை மேலேற்றி இறக்கியிருக்க வேண்டும் என்ற விதியின் எல்லையைத் தொடவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

பரிசோதனை மையத்துக்கு நேரில் போனேன். "மேல அனுப்பியாச்சு சார், இனி எங்க கையில எதுவும் இல்ல" என்றார் முன்மேசை ஊழியர். பதிவு தவறு, ஒரு முறை சரிபாருங்கள் என்று கெஞ்சியதும், அச்சிட்ட படிவத்தை எடுத்துக் கணினித் திரைக்கு அருகில் வைத்து, விரலை வரி வரியாக நகர்த்தி, "ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு" என்றார். அதே கணினியிலிருந்து அச்சானது வேறு எப்படி இருக்கும்? துண்டுச் சீட்டு எங்கே என்று கேட்டால், பதிந்ததும் கிழித்துவிடுவார்களாம்.

அந்த விரல் நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு 1989 செப்டம்பர் 3 அன்று பிரேசிலில் நடந்த விபத்து நினைவுக்கு வந்தது. மராபாவிலிருந்து பெலெம் நகருக்குப் புறப்பட்ட வாரிக் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்கான பயணத் திட்டத்தில், திசை 0270 என்று புள்ளியில்லாமல் அச்சாகியிருந்தது. அதன் பொருள் 027.0 பாகை, கேப்டனோ 270 என்று எடுத்துக்கொண்டார். துணை விமானி தாளைப் பார்த்துத் தன் கருவியில் எண்ணை வைத்திருந்தால் ஒருவேளை பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும்; அவர் கேப்டனின் கருவியைப் பார்த்து அதையே தானும் வைத்தார். வடக்கே போக வேண்டிய விமானம் மேற்கே பறந்து, எரிபொருள் தீர்ந்து, இருட்டில் அமேசான் காட்டுக்குள் இறங்கியது. இரண்டு கருவிகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன, முன்மேசை ஊழியர் சொன்னாரே, அப்படி.

2015 மார்ச்சில் சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஏர்ஏசியா எக்ஸ் ஏ330 விமானத்திலும் இதே மாதிரி ஓர் இலக்கச் சறுக்கல்தான். கிழக்குத் தீர்க்கரேகை 151 பாகை 9.8 கலை (ஒரு பாகையில் 60 கலை) என்று உள்ளிட வேண்டிய இடத்தில் 15 பாகை 19.8 கலை என்று போனதால், வாயிலில் நின்றிருந்த விமானம் 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால், கேப்டவுன் பக்கத்துக் கடலில் இருப்பதாகத் தன்னை நினைத்துக்கொண்டது. எச்சரிக்கைகள் வந்தும் கவனிக்கப்படாமல் மேலேறியது. வானில் சரிசெய்ய முயன்றபோது கோளாறு இன்னும் பெருகி, கடைசியில் மெல்பர்னில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டு, இப்படியும் ஒருவர் தவறுவாரா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். சென்னையின் 80 பாகை 10 கலையை ஓர் இலக்கம் நகர்த்தி 8 பாகை 01 கலை என்று போட்டால், விமானம் மீனம்பாக்கத்தை விட்டு வடக்கு நைஜீரியாவுக்குப் போய்விடும். அதை ஒவ்வொரு புறப்பாட்டிலும் சரிபார்க்கும் நான், என் கண்ணின் எண்ணைப் படித்துப் பார்க்கவில்லை.

மறுபரிசோதனைக்கு வெளியூர் மையத்தில் நாள் கிடைத்தது. தனியார் கண் மருத்துவரின் முழு அறிக்கையோடு இரவு ரயிலேறிப் போனேன். அங்கே முதல் கேள்வி, "உபரிக் கண்ணாடி எங்கே?" என்பது. கண்ணாடி அணியும் விமானி இன்னொரு ஜோடியும் வைத்திருக்க வேண்டும். அதையும் அணிவித்துப் பார்ப்பார்கள். என்னுடையது விமான நிலைய லாக்கரில், ஃபிளைட் பையின் பக்கப் பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அழைப்பு மடலில் அப்படி ஒரு வரி இல்லை என்று வாதாடியும் பயனில்லை. அடுத்த நாள் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. மறுபரிசோதனைக்குப் போகிறவர்கள் இரண்டு கண்ணாடி, இரண்டுக்கும் மருந்துச்சீட்டு, பழைய மதிப்பீட்டின் நகல் ஆகியவற்றை மடலில் கேட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துச் செல்லுங்கள்.

அந்த ஒன்பது நாளில் ஒரு நல்லது நடந்தது. பரிசோதனை மையத்துக்கு மீண்டும் போய், இம்முறை முன்மேசையைத் தாண்டி நேராகக் கண் அறைக்குச் சென்றேன். பரிசோதகர் ஐம்பதைக் கடந்தவர். நான் சொல்லி முடிப்பதற்குள் மேசையடியிலிருந்து நீளமான பேரேட்டை இழுத்தார். சீட்டில் எழுதுவதற்கு முன் எல்லோருடைய அளவையும் அதில் எழுதிவைப்பது அவருடைய சொந்தப் பழக்கமாம். என் பெயருக்கு நேரே 6/6, பக்கத்தில் முருங்கைக்காய் மாதிரி நீண்ட காலுடன் ஒரு 'பி'. "தம்பி, இதைப் போய் அறுபதுன்னு போட்டுட்டாங்களா!" என்று தலையிலடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அந்த நகல் கையில் இருந்ததால் மறுபரிசோதனை இருபது நிமிடத்தில் முடிந்தது. பதிவு செய்த பெண்ணிடம், அனுப்புவதற்கு முன் திரையில் இருப்பதை ஒருமுறை உரக்கப் படிக்க முடியுமா என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தார், ஆனாலும் படித்தார். திரையைப் பார்க்காமல் என் கையிலிருந்த தாள்களை மட்டும் பார்த்துக்கொண்டு, எண் எண்ணாகத் தலையசைத்தேன். கண் அளவுகள் சரி. கோப்பு எண் சரி. பிறந்த தேதிக்கு வந்தபோது நிறுத்தச் சொன்னேன்: மாதமும் நாளும் இடம் மாறியிருந்தன.