தண்ணீருக்குள்ளும் வெயில் உண்டு: என் நீச்சல் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

நேற்று காலை பத்தரைக்குக் குளத்தில் இறங்கி, பன்னிரண்டு மணிக்குத்தான் ஏறினேன். வானம் முழுக்க மேகம். தண்ணீர் சில்லென்று இருந்தது, எங்கேயும் சுடவில்லை. இன்று பையைத் தோளில் மாட்டியபோதுதான் தெரிந்தது, முதுகின் மேல்பக்கம் தொட முடியாத அளவுக்கு எரிகிறது. என் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கையை வைத்துப் பார்த்தால் அனலடிக்கிறது, நீச்சலுடையின் பட்டை மூடியிருந்த இடம் மட்டும் தப்பித்திருக்கிறது.

பதினொரு வருடமாகத் திறந்தவெளிக் குளத்தில்தான் நீந்துகிறேன். கருத்துப்போவேன், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இப்படி எரிந்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, புதன்

தோள் உரிகிறது. ஏன் எனக்கு ஒன்றுமே தெரியாமல் போனது என்று இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெயிலில் நமக்குச் சூடாகத் தெரிவது அகச்சிவப்புக் கதிர், தோலைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். பின்னது மேலே படும்போது உடம்புக்கு எந்த அடையாளமும் கிடைப்பதில்லை. தரையில் நின்றால் சூடு பொறுக்காமல் நாமே நிழலுக்கு ஓடிவிடுவோம். குளத்தில் தண்ணீர் குளிர்த்துக்கொண்டே இருப்பதால் அந்தச் சூடும் தெரிவதில்லை, இன்னும் நான்கு சுற்று போகலாம் என்றுதான் தோன்றும்.

தண்ணீருக்குள் இருந்தால் மறைப்பு கிடைக்கும் என்று நம்பியதும் தப்பு. அரை மீட்டர் ஆழத்திலும், மேற்பரப்பில் உள்ளதில் சுமார் 40 சதவீதம் புற ஊதாக் கதிர் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீந்துகிறவரின் முதுகு அரை மீட்டர் ஆழத்தில் எங்கே இருக்கிறது, மேலேயேதானே மிதக்கிறது. லேசான மேகம் என்றால் 80 சதவீதம் வரை கதிர் கீழே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மேகத்தை நம்பித்தானே ஒன்றரை மணி நேரம் கிடந்தேன்.

மார்ச் 8, சனி

இன்று அக்கா நீந்த வரவில்லை, பேச வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எனக்கு ஃப்ரீஸ்டைலில் மூச்சு வாங்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மூக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கருப்பு முடிச்சு பல மாதமாக இருந்தது, பளபளவென்று, துண்டால் துடைத்தால் ரத்தம் கசியும், காயும், மறுபடி கசியும். நீச்சல் கண்ணாடி உரசிய புண் என்றே இருவரும் நினைத்தோம். நானே “வேற கண்ணாடி வாங்குங்க அக்கா” என்று சொல்லியிருக்கிறேன்.

பயாப்ஸி, அதாவது திசுச் சோதனை முடிவு வந்துவிட்டது. பேசல் செல் கார்சினோமா. தோல் புற்றுநோய்.

“பயப்படாதே, இது உடம்பெல்லாம் பரவுவது ரொம்ப அபூர்வமாம், ஆனா விட்டா அந்த இடத்தையே அரிச்சுடுமாம்” என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

நம்மைப் போன்ற நிறத்துக்கு இதெல்லாம் வராது என்று இத்தனை வருடம் எந்த ஆதாரத்தில் நம்பினேன் என்று தெரியவில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் காப்பது உண்மைதான். நல்ல கருமையான தோலுக்கு அது தரும் காப்பு, சன்ஸ்கிரீன் ட்யூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப் என்ற காப்பு எண்ணின் கணக்கில் 13 அளவுக்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள், வெளுத்த தோலுக்கு 3 சொச்சம். 13 என்பது பெரிய எண் இல்லை. வெளுத்த தோலைவிட நமக்கு இந்த நோய் வெகு குறைவு, ஆனால் வரும்போது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது, யாரும் எதிர்பார்ப்பதில்லையே. அதோடு கருத்த தோலில் பேசல் செல் கட்டி பெரும்பாலும் கருப்பாகவே இருக்குமாம், மச்சம் என்று விட்டுவிடுவார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுந்து சன்ஸ்கிரீன் கணக்குப் போட்டேன். எஸ்.பி.எஃப் 30 என்றால் தோலை எரிக்கும் புற ஊதா பி வகைக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை, பூசும் அளவில்தான் எல்லாம். சோதனைக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கணக்கில் பெரியவர் ஒருவரின் உடம்பு முழுக்க 30 மில்லிக்குக் குறையாமல் வேண்டும். நான் முகத்துக்கு ஒரு பட்டாணி அளவு, கைக்கு மிச்சம், முதுகு எட்டாது என்று விட்டுவிடுவேன்.

இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே பூச வேண்டும். தண்ணீர் தாங்கும் என்று போட்டிருந்தாலும் 40 அல்லது 80 நிமிடத்துக்குத்தான், ஏறித் துடைத்தால் அதுவும் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். காது, உதடு, தலை வகிடு, முழங்கால் பின்புறம், பாதத்தின் மேல்பக்கம் எல்லாம் இத்தனை வருடமாக என் கை போகாத இடங்கள்.

இப்படி ஒழுங்காகப் பூசினால் 50 மில்லி ட்யூப் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஆகவே துணியால் மூட முடிந்ததைத் துணியால் மூடுவது, மிச்சத்துக்கு மட்டும் க்ரீம்.

மார்ச் 14, வெள்ளி

முழுக்கை நீச்சல் சட்டை வந்தது. யு.பி.எஃப் 50+ என்று போட்டிருக்கிறது, அதாவது ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் கதிர் உள்ளே போகாது. சாதாரண வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்தால் கதிரை இன்னும் அதிகமாக விடும், அதைப் போட்டு நீந்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். முதல் நான்கு சுற்று கை கனத்தது, கழுத்தோரம் தண்ணீர் புகுந்தது. பத்தாவது சுற்றில் மறந்தே போனேன்.

மார்ச் 19, புதன்

அக்காவுக்குக் கட்டியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்த சின்ன அறுவை சிகிச்சை, ஆறு தையல். ஓரங்களில் புற்றுச் செல் மிச்சமில்லை என்று முடிவு வரும்வரை எங்களுக்கு நிம்மதி இல்லை. காயம் ஆறியதும் நீந்தலாம், ஆனால் வெயில் ஏறுமுன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“இத்தனை வயசுக்கப்புறம் க்ரீம் பூசி என்ன ஆகப்போகுது” என்றார் அக்கா. ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் நடந்த ஆய்வைச் சொன்னேன். 1992 முதல் 1996 வரை, பெரியவர்களில் ஒரு பகுதியினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லி, மற்றவர்களை அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைவு, பல வருடம் கழித்துப் பார்த்தபோது மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோயும் ஏறக்குறைய பாதிதான். எல்லாரும் வளர்ந்தவர்கள், நடுவயதுக்காரர்களும் இருந்தார்கள். கேட்டுவிட்டு, “சரி, எனக்கும் அந்தச் சட்டை ஒண்ணு சொல்லிடு” என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

கைக்கண்ணாடியை வைத்து உடம்பு முழுக்கப் பார்த்தேன். இரு பாதியும் ஒத்துப்போகாத மச்சம், ஓரம் பிசிறியது, பல நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டருக்குப் பெரியது, எல்லாவற்றுக்கும் மேலாக மாறிக்கொண்டே வருவது, இதெல்லாம் இருந்தால் காட்ட வேண்டும்.

இடது குதிகாலில் ஒரு கருப்புப் புள்ளி. எப்போது வந்தது என்றே தெரியவில்லை. கருத்த தோலுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும், அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது அதுதான், 1981-இல் 36 வயதில் இறந்துபோனார். எந்த க்ரீமும் இதற்கு உதவாது, பார்த்துக் கண்டுபிடிப்பது ஒன்றுதான் வழி. வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

சாதாரண மச்சம். டாக்டர் டெர்மோஸ்கோப் என்ற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார், ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம் என்றார். வெளியே வந்து பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தோள் எரிந்த கதையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது. பருவுக்காகப் பிப்ரவரியில் ஆரம்பித்த டாக்ஸிசைக்ளின். அது வெயிலுக்குத் தோலைச் சீக்கிரம் எரியவிடுமாம். பதினொரு வருடம் எரியாத தோல் இப்போது ஏன் எரிந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. எழுதித் தந்த இடத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நீந்துகிறவர்கள் எந்த மாத்திரை வாங்கினாலும், வெயிலில் போகலாமா என்று கேட்டு வாங்குங்கள்.

மார்ச் 30, ஞாயிறு

ஆறரைக்கு இறங்கினேன். போனில் பார்த்தேன், புற ஊதாக் குறியீடு 1. அது 3-ஐத் தொட்டுவிட்டால் காப்பு தேவை. போன் இல்லாவிட்டால் நிழலைப் பார்த்தால் போதும், நம்மைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம்.

ஏறி வரும்போது கரையில் அட்டவணை ஒட்டியிருந்தது, சின்னப் பிள்ளைகள் பயிற்சி பதினொரு மணிக்கு. சிறு வயதில் தோல் வெந்துபோவது பின்னாளில் மெலனோமா வரும் வாய்ப்பைக் கூட்டும். அந்த நேரத்தில் அவர்களின் நிழல் காலடியில்தான் கிடக்கும். கோச்சிடம் போய்ச் சொன்னேன், அக்காவும் மூக்கில் பிளாஸ்திரியோடு வந்து பக்கத்தில் நின்றார். கோச் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த வாரம் முதல் சின்னவர்களுக்குக் காலை ஏழு மணி. பெரிய பிள்ளைகள் பிரிவுக்கு வேறு நேரம் இல்லை என்கிறார். நாளை மறுபடி கேட்கப் போகிறோம்.