எதிர்வீட்டு ஆன்ட்டி

ஜூலை 7, திங்கள்

விடுமுறை. ஜார்ஜ்டவுன் 2008இல் உலக மரபு நகரமானதற்காகப் பினாங்குக்கு மட்டும் கிடைக்கும் நாள். அம்மா மூன்று தட்டு எடுத்தார். பிறகு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

ஜூலை 8, செவ்வாய்

ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு நாடகம் தொடங்கியாச்சு. சின்னக் கதைதான். ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறது. போனில் 'வாங்க வாங்க' என்ற வீட்டுக்காரர், முகத்தைப் பார்த்ததும் 'வீடு போயிடுச்சே' என்கிறார். வீடு காலிதான் என்பது எதிர்வீட்டு ஆன்ட்டிக்குத் தெரியும். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

வீட்டுக்காரராக நடிக்கப் பதினோரு கை உயர்ந்தது. ஆன்ட்டிக்கு ஒரு கைகூட இல்லை. "அவங்களுக்கு வசனமே இல்லையே டீச்சர்!" கடைசியில் மூன்றாம் வரிசைக் கண்ணாடிக்காரி என்மேல் பாவப்பட்டு வந்தாள்.

வீட்டுக்காரர் எந்த இனம் என்று நான் சொல்லவில்லை. சீனர் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அறை விளம்பரங்களில் 'சீனர் மட்டும்' என்று போடுவது இந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. வகுப்பு முடியும் நேரத்தில் வாலு ஒருவன் கேட்டான்: "வீட்டுக்காரர் நம்ம ஆளா இருந்தா டீச்சர்?"

"நம்ம ஆளுன்னா?"

"நம்ம ஆளுதான். ஆனா நம்ம ஆளு இல்ல."

மணி அடித்தது. நல்லவேளை.

ஜூலை 9, புதன்

தம்பி அழைக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நான் வகுப்பில் செய்யும் இந்த நாடக முறையை வகுத்தவர் அகுஸ்தோ போவால் என்ற பிரேசில்காரர். 1971இல் ராணுவ அரசு அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. வெளியே வந்து அர்ஜென்டினாவுக்குப் போனார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

நாடகம் ஒருமுறை முழுதாக நடக்கும், கெட்ட முடிவோடு. இரண்டாம் முறை, பார்க்கிறவர் யாரும் 'நிறுத்து' என்று கத்தலாம். அடிவாங்குகிறவர் இடத்திலோ வேடிக்கை பார்க்கிறவர் இடத்திலோ நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். வீட்டுக்காரரை மட்டும் மாற்றக் கூடாது. அவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் அது மந்திரம், செல்லாது. இந்த விதிதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாராவது கொஞ்சம் இளகினால் போதும், முப்பது பேரும் "மந்திரம்! மந்திரம்!" பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது.

ஜூலை 12, சனி

1929இல் பெரியார் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியபோது கொள்ளுத்தாத்தா கரையில் நின்றாராம். அப்பா இருந்தவரை தீபாவளிக்குத் தீபாவளி இதைச் சொல்வார். அவர் மாட்டிய பெரியார் படம் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.

தம்பி ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்ன அன்று, அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அம்மா கேட்டார், "என்னா ஆளுங்க அவங்க?" தம்பி சொன்னான். அம்மா ஒன்றும் சொல்லாமல் டிவி சத்தத்தைக் கூட்டினார். தம்பி என்னைப் பார்த்தான்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே பாஜு குரோங்கை மூன்று தடவை.

ஜூலை 14, திங்கள்

மேலிடத்துக்குச் செய்தி போயிருக்கிறது. இனம், வாடகை எல்லாம் எதற்கு டீச்சர், குப்பை போடுவதைப் பற்றிச் செய்யலாமே. "சரிங்க சார்" என்றேன். ஆனால் நிறுத்தவில்லை. இதைத் துணிச்சல் என்று எழுதிக்கொள்ள முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

இன்று கண்ணாடிக்காரி ஆட்டத்தின் நடுவே தானே "நிறுத்து" என்றாள். நடிக்கிறவர் நிறுத்தக் கூடாதே என்று பிள்ளைகள் கத்த, அவள் என்னிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஆன்ட்டி ஏன் சும்மா இருக்காங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர். அவங்களும் அதே வீட்டுக்காரர்கிட்டதான் வாடகைக்கு இருக்காங்க."

நான் அப்படி எழுதவே இல்லை. ஆன்ட்டிக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை.

இரண்டு பெட்டியோடு நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்று வருடம். ஏன் வந்தாய் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அறையைக் கூட்டி, மெத்தைக்குப் புது உறை போட்டு வைத்திருந்தார். வெளியே யார் கேட்டாலும் "எம்பொண்ணு எங்கூட இருக்கா, உனக்கென்னா?" என்பார். அப்படிப்பட்ட அம்மாவிடம் போய்... தூக்கம் வரவில்லை. மணி இரண்டேகால்.

அந்தக் குழந்தை வாடகை வீட்டில்தான் இருக்கிறாளோ?

ஜூலை 17, வியாழன்

ஆணியில் தம்பியின் ஹெல்மெட் இல்லை. நான் பள்ளியில் இருந்த நேரத்தில் வந்து எடுத்துப் போயிருக்கிறான். "நான் பாக்கல" என்றார் அம்மா. பானையில் மீன்குழம்பு பாதிதான் இருந்தது. நாங்கள் இருவருமே இன்னும் சாப்பிடவில்லை.

ஜூலை 19, சனி

வாட்சப்பில் 'அன்னிக்கு நான்' வரைக்கும் அடித்தேன். அழித்தேன்.

தீவுப் பக்கம், பாயான் லெப்பாஸில் கூட்டாளியோடு இருக்கிறானாம். பாலம் தாண்டினால் வந்துவிடும் தூரம்.

ஜூலை 21, திங்கள்

சமைக்கும்போது அம்மா தானாக ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு நல்லா படிச்சிருக்காமே." எனக்கு உள்ளே முப்பது பிள்ளைகளும் 'மந்திரம்!' என்று கத்தினார்கள். அம்மா வெங்காயத்தைத் தள்ளிவிட்டு, ரொம்பச் சாதாரணமாக: "அவங்க தாத்தா எந்தத் தோட்டம்னு கேட்டியா?"

தோட்டத்தைச் சொன்னால் லயத்தை, எந்த வரிசை வீடு என்பதைச் சொல்லலாம். லயத்தைச் சொன்னால் மிச்சத்தையும். இது எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

"அம்மா" என்றேன்.

"என்னா?"

குக்கர் விசில் அடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னொரு விசில். "கேக்கமாட்டேம்மா" என்றேன். அம்மா அடுப்பைக் குறைத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

இடைவேளையில் அழைத்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தான். பின்னால் ரோட்டுச் சத்தம்.

"சொல்லுக்கா" என்றான்.