21 மணி நேரம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே போவதென்றாலும் முதலில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்துவிடுவேன். கணக்குப் பிரிவில் வேலை, கை தானாக அங்கே போய்விடுகிறது. போன வருடம் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில் சனிக்கிழமை ராத்திரி தங்கி, ஞாயிறு திரும்பிவிடலாம் என்று முடிவானபோதும் அப்படித்தான். பதினொரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். 3.10 பூங்கா. 3.50 பழைய நூலகக் கட்டடம். 4.35 ஏரி, அடைப்புக்குறிக்குள் 15 நிமிடம்.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல மூச்சு விடறதுக்கு எந்த வரிசை?" என்று கேட்டாள்.

நான் நிஜமாகவே ஒரு வரிசை சேர்த்தேன். "ஓய்வு, 5.50 முதல் 6.20 வரை."

திங்கட்கிழமை அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், "என்ன சார், சனி ஞாயிறுலயும் வேலையா? முகமே சரியில்லையே" என்றார். அந்தப் பயணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் ஒரு நீர்க்காகம், தண்ணீருக்குள் நட்டிருந்த கம்பத்தின் மேல் இரண்டு இறக்கைகளையும் விரித்துக்கொண்டு அசையாமல் நின்றது. நனைந்த சட்டையைக் கொடியில் போட்ட மாதிரி. மகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "அது ஏன்ப்பா அப்படி நிக்குது?" என்றாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் முடிந்திருந்தது. "வழியில சொல்றேன் வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வழியிலும் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறை கிடைப்பது சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு. காலி செய்ய வேண்டியது ஞாயிறு காலை 11 மணிக்கு. ஆக "இரண்டு நாள்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது 21 மணி நேரம்தான். தூக்கத்துக்கு எட்டு, குளிக்க, சாப்பிட, சாவி எங்கே என்று தேட ஒரு நான்கு. மிச்சம் ஒன்பது. அந்த ஒன்பதுக்குள்தான் பதினொரு இடங்களைத் திணித்திருக்கிறேன். அலுவலகத்தில் இப்படி ஒரு பட்ஜெட்டை யாராவது கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அந்தச் சமயத்தில்தான் படித்தேன். விடுமுறைப் பயணம் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால், மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலோருக்கு அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. பயணம் மிகவும் நிதானமாக இருந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா நிதானமாக என்றால் போதாது, "மிகவும்" வேண்டுமாம். மனைவியிடம் சொன்னேன். "இதுக்கு நெதர்லாந்து வரைக்கும் போகணுமா?" என்றாள்.

சரி, அப்படியானால் எதைக் குறைப்பது? முதலில் தூரத்தை. கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக் கதவிலிருந்து அந்த அறையின் கதவு வரைக்கும் ஒன்றரை மணி நேரம், நடுவில் ஒரு வண்டி மாற்றம், அவ்வளவுதான் அனுமதி. வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற ஊருக்கு மூன்று வண்டி மாறிப் போவதைவிட, இரண்டு மடங்கு தொலைவில் நேர் ரயிலில் போய் இறங்குவது உடம்புக்குச் சுகம். ஸ்டேஷனிலிருந்து அறைக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்பதையும் பார்ப்பேன். கை வீசி நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம். பையும் பிள்ளையுமாக நடந்தால் இருபது. சக்கரம் வைத்த பெட்டியை நடைபாதை இல்லாத தெருவில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அறை விஷயத்தில் ஒரு சின்ன ரகசியம். பெரிய நகரங்களின் விளிம்பில் அலுவலக வளாகங்களை நம்பி நடக்கிற ஹோட்டல்கள் பல உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை அங்கே கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர்கள் நிறைந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலியாகிவிடும். அதனால் சனி, ஞாயிறு வாடகை குறையும். உல்லாச விடுதிகளில் இதற்கு நேர்மாறாக வார இறுதியில்தான் கூட்டமும் வாடகையும் ஏறும். இந்த ஹோட்டல்கள் பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. ஆனால் திரைச்சீலை கனமாக இருக்கும், ராத்திரி சத்தம் இருக்காது. எனக்கு அது போதும்.

பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு முறை போன் செய்து இரண்டு கேள்வி கேட்பேன். பக்கத்தில் கட்டட வேலை ஏதாவது நடக்கிறதா? அன்றைக்கு உங்கள் ஹாலில் விசேஷம் ஏதாவது இருக்கிறதா? புறநகர் என்றாலே எங்கேயாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருக்கும். இணையத்தில் போட்டிருக்கும் படத்தில் அது தெரியாது. மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைத்தான் படிக்கிறேன். நிறைகுறை இரண்டையும் பொறுமையாக எழுதுகிறவர்கள் அவர்கள்தான். அதிலும் "சத்தம்" என்ற சொல்லைப் போட்டுத் தேடிவிடுவேன்.

அடுத்தது தூக்கம். முதல் பயணத்தில் நான் சரியாகத் தூங்கவே இல்லை. குட்டி பிரிட்ஜ் ஒன்று அரை மணிக்கு ஒரு தடவை உறுமி ஓய்ந்தது. ஒவ்வொரு தடவையும் விழிப்பு வந்தது. வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். காரணம் அதில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள், 2016-ல் வெளிவந்தது. புது இடத்தில் படுக்கும் முதல் ராத்திரி மூளையின் இரண்டு பாதிகளும் ஒரே ஆழத்தில் தூங்குவதில்லை. இடது பாதி கொஞ்சம் மேலாகத் தூங்கி, வித்தியாசமான சத்தம் வந்தால் சட்டென்று எழுப்பிவிடுகிறது. வாசலில் நாய் காவல் கிடக்கிற மாதிரி. அதே இடத்தில் சில நாள் கழித்து மறுபடி படுத்தபோது அந்தக் காவல் தளர்ந்துவிட்டதாம்.

ஒரே ஒரு ராத்திரி தங்குகிறவனுக்கு இதைவிட அநியாயம் உண்டா? மொத்தப் பயணமுமே முதல் ராத்திரி!

அதனால் இரண்டாவது முறை அதே ஊருக்கு, அதே ஹோட்டலுக்கு, முடிந்தால் அதே அறைக்குப் போவோம் என்றேன். "மறுபடியும் அங்கேயேவா?" என்று மனைவி முகத்தைச் சுளித்தாள். வேறு எங்காவது போனால் மறுபடி ஒரு ஷீட் போடுவேன் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து தலையணை உறைகளை எடுத்துப் போனோம், நம் வீட்டு வாசனைக்கு மூளை கொஞ்சம் ஏமாறட்டும் என்று. இது எந்த ஆய்விலும் வந்ததில்லை, என் சொந்த யோசனை. உள்ளே நுழைந்ததும் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். விடியும் வரை தூங்கினேன்.

ஏரிக்குப் போனோம், நேரம் எழுதி வைக்காமல். கம்பம் இருந்தது, நீர்க்காகமும் இருந்தது. போன தடவை பார்த்த அதே பறவைதான் என்று மகள் சாதித்தாள். முங்கி மீன் பிடிக்கிற பறவை அது. இறகு தண்ணீரை அவ்வளவாக உதறாது, நனைந்துவிடும். நனைந்தால் கனம் கூடும், முங்குவது சுலபமாகும். பிறகு வெளியே வந்து இப்படி நின்று உலர்த்திக்கொள்ளும். கடைசியாக அவளுக்கு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்ப அதுக்கு இப்ப வேலை எதுவும் இல்லையா?" என்றாள். உலர்வதுதான் வேலை என்றேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அது ஒருமுறை திரும்பி நின்றது. மற்றபடி எதுவும் நடக்கவில்லை.

எல்லாமே சரியாக நடந்ததாகச் சொல்ல முடியாது. ஞாயிறு மதியம் ஸ்டேஷனுக்கு வந்தால் ரயில் இல்லை. தண்டவாளப் பராமரிப்பு வேலை, ரயில்களின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி வேலைகளுக்குப் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், கூட்டம் குறைவு என்பதால். அறிவிப்பு நான்கு நாள் முன்னாலேயே வந்திருக்கிறது. நான் குறித்து வைத்திருந்ததோ வார நாள் அட்டவணை. பதினைந்து வருடமாகக் கணக்கு பார்க்கிறவன், தேதியைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். பிளாட்பார பெஞ்சில் ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினொரு வரிசைக் காலமாக இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் எங்கள் மூன்று பேருக்குள்ளும் சண்டையாகியிருக்கும். அன்றைக்கு அடுத்து எங்கேயும் போக வேண்டியதில்லை, மகள் மடியில் தூங்கிவிட்டாள்.

வருகிற சனிக்கிழமை மூன்றாவது முறை போகிறோம். ஞாயிறு ரயில் அறிவிப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். திரும்புவது மதியம் 12-க்கு முன்னால். சாயங்காலம் ஊரே நகரத்துக்குத் திரும்பும், அந்த நெரிசலில் சிக்கினால் சனிக்கிழமை சேர்த்ததெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். தலையணை உறைகள் துவைத்துக் காய்கின்றன. அலுவலக மெயிலை வெள்ளிக்கிழமை ராத்திரி போனிலிருந்து எடுத்துவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைத்தான் அவள் நம்பவில்லை.

ஷீட் இருக்கிறது, இல்லாமல் எனக்குக் கை நடுங்கும். இப்போது அதில் மூன்றே வரிசை. போகிற ரயில், வருகிற ரயில், நடுவில் ஒன்று காலியாக விட்டிருந்தேன். நேற்று ராத்திரி திறந்து பார்த்தால் அதில் யாரோ "காக்கா" என்று டைப் செய்திருக்கிறார்கள். நேரம் போடவில்லை.