பட்டியலின் ஓரத்தில் பச்சை மை

இன்று காலை, ஈரோடு மாவட்டத்துச் சிறிய நீதிமன்றம் ஒன்றில், வழக்குகளை அழைக்கத் தொடங்கும் முன்பே, "சாட்சி சொல்ல வெளியூரிலிருந்து வந்தவர்கள் யார்?" என்று நீதிபதி கேட்டார், அந்தியூரிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்த, தடவழித் தகராறு வழக்கின் பெரியவர் தயங்கியபடி கையைத் தூக்கினார்.

பெஞ்ச் கிளார்க்கின் மேசையில் கிடந்த வழக்குப் பட்டியலில், சாட்சி விசாரணைக்குரியவை மட்டும் பச்சை மையால் வட்டமிடப்பட்டு, ஓரத்தில் நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. வெறும் வாய்தாவுக்குரியவை பிற்பகலுக்குப் போயிருந்தன. (வக்கீல்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை என்பது வேறு கதை.)

11:30 மணிக்கெல்லாம் பெரியவர் கூண்டை விட்டு இறங்கிவிட்டார்.

நீதிமன்றத்தை இப்படி நடத்துவது சட்டப் புலமையால் மட்டும் வருவதன்று. தீர்ப்பு எழுதும் அதே நீதிபதிதான் சிரஸ்தார் (தலைமை எழுத்தர்), தட்டச்சர், அலுவலக உதவியாளர் என எல்லோரிடமும் வேலை வாங்க வேண்டிய நிர்வாகியும்கூட.

13ஆவது நிதிக்குழு, 2010-15 காலத்துக்கு, நிர்வாக வேலைகளில் நீதிபதிக்கு உதவும் நீதிமன்ற மேலாளர் பணியிடங்களுக்கென நிதி பரிந்துரைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும், தவறு செய்த ஊழியரை எல்லோர் முன்னிலையிலும் அதட்டாமல், அறைக்கு அழைத்துப் பேசும் பக்குவத்தை எந்த மேலாளரும் நீதிபதிக்கு வாங்கித் தர முடியாது.

நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமியின் மண்டல மையம் கோவையிலேயே இருக்கிறது. புதிதாக வரும் நீதிபதிகளை, நிர்வாகத்தில் தேர்ந்த மூத்த நீதிபதி ஒருவருக்கு அருகில் ஒரு வாரம் அமரவைத்து, அவர் பட்டியல் போடுவதையும் ஊழியர் கூட்டம் நடத்துவதையும் பார்க்கச் செய்தால், அது பல விரிவுரைகளைவிட அதிகம் கற்றுத்தரும் என்றே நினைக்கிறேன்.